பாளையத்துக்கு வெளியே



எரேமியா 30-ஆம் அதிகாரம் 17-ஆம் வசனத்தை நோயாளிகளின் தலைமாட்டில் நின்று நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். நலம் தருவதாகவும் காயங்களை ஆற்றுவதாகவும் ஆண்டவர் அங்கே வாக்களிக்கிறார். பெரும்பாலும் அந்த முதல் பாதியோடு விவிலியத்தை மூடிவிடுகிறோம். காரணம் மறுபாதியில் இருக்கிறது. சீயோனைத் தள்ளப்பட்டவள், கேட்பாரற்றவள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் கடவுள் குணமாக்க முன்வருகிறார். அப்படியானால் ஆற்றப்பட வேண்டிய காயங்களில் அந்தப் பேச்சும் ஒன்று.

லேவியர் நூல் 13-ஆம் அதிகாரத்தின்படி, தொழுநோயாளி பாளையத்துக்கு வெளியே தனியாக வாழ வேண்டும். (அந்நூல் துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட அதே நோயைக் காண்கிறது. ஆகவே இன்று மருத்துவர்கள் சொல்லும் தொழுநோய் மட்டுமே அது என்று எண்ணிவிடக் கூடாது.) அடுத்த அதிகாரத்தைக் கவனியுங்கள். நோய் நீங்கிவிட்டதா என்று பார்க்க, குரு பாளையத்தை விட்டு வெளியே போக வேண்டும். நோயாளி வந்து கதவைத் தட்டட்டும் என்று காத்திருக்கச் சட்டம் குருவை விடவில்லை. பங்குத்தந்தையர்களாகிய நாங்கள் இதை அடிக்கடி வாசிப்பது நல்லது.

மாற்கு 1-ஆம் அதிகாரத்தில் இயேசு இன்னும் ஒரு படி போகிறார். முதலில் தொடுகிறார், பிறகுதான் குணமாகுமாறு சொல்கிறார். குணமானவனைக் குருவிடம் போய்க் காட்டச் சொல்கிறார். தோல் சுத்தமானால் மட்டும் போதாது. ஊர் அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவனோ போகிற இடமெல்லாம் நடந்ததைப் பரப்பினான். அதனால் இயேசு நகருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல், வெளியே தனிமையான இடங்களில் தங்கினார். அவன் உள்ளே வந்தான். அவர் வெளியே போனார்.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டில் தூய தோமா மருத்துவமனையும் தொழுநோய் மையமும் இருக்கின்றன. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொழுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில், மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை நேரானது. ஆனால் அந்தக் கைக்கு வேலை கொடுக்க ஆளில்லை. ஆகவே தச்சு வேலை போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுக்கவும் அவர் ஓர் இடம் அமைக்க வேண்டியதாயிற்று. நலம் வேறு, மறுவாழ்வு வேறு என்பதை நம் வேலூரே கண்டிருக்கிறது.

இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும். ஆனாலும் தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்ற விதி, கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டம் உட்படப் பல சட்டங்களிலிருந்து 2019-இல்தான் நீக்கப்பட்டது. மருந்து வந்து எத்தனை காலம் கழித்து!

சிலர் ஜெபக் கூட்டத்துக்குப் போய்வந்து, "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறார்கள். சீராக் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே என்கிறது. மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது விசுவாசம் ஆகாது. மன்றாடியும் குணம் கிடைக்காதவரிடம் "உமக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்வது அதைவிடக் கொடுமை. பவுல் மூன்று முறை வேண்டியும் அவருடைய முள் எடுக்கப்படவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வோம்?

நம் தாத்தா பாட்டிகள் 'அவஸ்தைப் பூசுதல்' என்று சொல்லிப் பயந்த அருளடையாளம்தான் இன்று நோயில் பூசுதல். உயிர் போகும் நேரம்வரை காத்திருக்க வேண்டாம். கடுமையான நோயிலும் முதுமைத் தளர்ச்சியிலும் கேட்கலாம். பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள், உலக நோயாளர் நாள். அன்று திருப்பலியில் இதை வழங்குவோம். வர முடியாதவர்களின் வீட்டை அன்பியப் பொறுப்பாளர்கள் சொன்னால், நாங்கள் வருகிறோம். எண்ணெயை நெற்றியிலும் இரு கைகளிலும் பூசுவது வழக்கம். கை எந்த நிலையில் இருந்தாலும், விரல்கள் இல்லாவிட்டாலும், துண்டுக்குள் மறைக்காமல் நீட்டுங்கள்.