குளியல் உப்பு: வீட்டுக்குச் செய்வோம், விற்பனைக்கு யோசிப்போம்

கல்லுப்பு மூட்டையில் நாம் காணும் லாபம் சொற்பமே. அதே உப்பு வாசனை ஏறிக் கண்ணாடிக் குப்பியில் அமர்ந்தால், 'பாத் சால்ட்' என்ற பெயரில் பன்மடங்கு விலை பெறுகிறது. இதில் பெரிய சூட்சுமம் ஏதுமில்லை. சரக்கு அனைத்தும் நம் கடைவீதியிலேயே உண்டு.

கல்லுப்பு 1 கிலோ, பேதி உப்பு எனப்படும் எப்சம் உப்பு 250 கிராம், ஆப்ப சோடா 50 கிராம், நீலகிரித் தைலம் 5 மில்லி. கல்லுப்பை ஒருநாள் வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரமிருந்தால் கட்டி பிடிக்கும். எப்சம் உப்பை வெயிலில் வைக்கலாகாது, பூத்து மாவாகிவிடும். தைலத்தைச் சோடாவில் பிசறி, உப்புகளோடு கலந்து, குப்பியில் இறுக மூடி ஒருநாள் வைத்தால் தயார். அரை வாளி வெதுவெதுப்பான நீரில் 2 தேக்கரண்டி போட்டுக் கால்களை ஊறவைத்தால், நாளெல்லாம் கல்லாவில் நின்ற அலுப்புக்கு இதமாக இருக்கும். காலில் புண் உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. பார்வைக்கு இது சமையல் உப்புதான். நீலகிரித் தைலம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, குழந்தைகளுக்குப் பேராபத்து. ஆகவே 'உண்ணத் தக்கதல்ல' என்று குப்பியில் எழுதி ஒட்டுவோம். தேயிலை, மாவு அருகிலும் வைக்க வேண்டாம்; வாசனை ஏறிச் சரக்கு கெடும்.

செய்து விற்க எண்ணினால், 1940ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் உற்பத்தி உரிமம் கேட்கின்றன. உரிமம் இல்லாதோர் உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடம் பில்லுடன் வாங்கி விற்பதே நல்லது. சில ரூபாய் லாபத்துக்காகக் கடையின் நற்பெயரை அடகு வைக்க வேண்டாம்.