பிரின்டர் நல்லாத்தான் இருக்கு... பாஷைதான் புரியலை!

கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். கடையில் பிரின்டர் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, இங்க்கும் இருக்கிறது. ஆனால், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரிலிருந்து 'பிரின்ட்' கொடுத்தால் '11பி' என்று முடியும் ஒரு பிழை எண்தான் திரையில் வருகிறது. மாணவி வாசலில் நிற்கிறார். பாலக்கோடு மாதிரியான தாலுகா ஊர்களின் ஜெராக்ஸ் கடைகளுக்கு இது புதிதல்ல.

பிரின்டரில் பழுது இல்லை. தகராறு டிரைவரில். பாலக்கோடு தக்காளி மண்டிக்கு பெங்களூரு வியாபாரி வந்தால், கன்னடமும் தமிழும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்று விலை பேசி முடிப்பார் இல்லையா? கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் நடுவில் அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் லினக்ஸில் ஓடாது. 32 பிட் விண்டோஸுக்கு எழுதியது 64 பிட்டில் ஓடாது.

'11பி' கதை வேறு. 2021-ல் 'பிரின்ட்நைட்மேர்' என்ற ஓட்டை விண்டோஸில் தெரியவந்தது. அச்சு சேவை வழியாக வெளியாள் கம்ப்யூட்டரையே கைப்பற்ற முடியும் என்ற நிலை. அதை அடைக்க வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, இரண்டு கம்ப்யூட்டர்களிலும் அப்டேட் ஒன்றுபோல இல்லாத இடங்களில் பகிர்ந்த பிரின்டர் முரண்டு பிடித்தது. அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. ஆதாரும் பாஸ்புக்கும் தினமும் ஸ்கேன் ஆகும் கம்ப்யூட்டரில் அது வேண்டாத வேலை. இரண்டிலும் அப்டேட்டை முடியுங்கள். பிரின்டர் கம்பெனி தளத்திலிருந்து சரியான டிரைவரைப் புதுக் கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டு மறுபடி இணையுங்கள். பழையது விண்டோஸ் 7 என்றால் சிக்கல்தான். அதற்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது.

இன்னொரு வழி பரணில் இருக்கலாம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பேட்டரி போன அப்படியொரு லேப்டாப்பில் இன்றைய லினக்ஸ் ஒன்றை ஏற்றி, பிரின்டரை யூஎஸ்பி கேபிளில் மாட்டலாம். அதிலுள்ள 'கப்ஸ்' என்ற மென்பொருள், 'ஐபிபி' என்ற பொது மொழியில் பிரின்டரை வைஃபையில் பகிரும். விண்டோஸ் 11, ஐபோன், ஆண்ட்ராய்டு எதுவானாலும் பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது. டிரைவர் தேவைப்படுவது அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும். விலை குறைந்த சில லேசர் பிரின்டர்களுக்கு லினக்ஸ் டிரைவரே கிடையாது. முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது பிரின்டர்தான் வாங்குவதென்றால், அட்டைப்பெட்டியில் 'ஏர்பிரின்ட்' அல்லது 'மோப்ரியா' என்று இருக்கிறதா பாருங்கள். தனித்தனி டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்டே 2023-ல் அறிவித்துவிட்டது.

வாசலில் நிற்கும் மாணவிக்கு இதெல்லாம் இப்போது உதவாது. விண்ணப்பத்தை பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் போட்டு, பிரின்டர் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்தே பிரின்ட் கொடுத்துவிடுங்கள். தமிழ் எழுத்தும் கட்டம் கட்டமாக மாறாது. டிரைவர் ஆராய்ச்சியைக் கடை சாத்திய பிறகு வைத்துக்கொள்ளலாம்.