இரவல் தட்டில் நிற்கும் அட்டைகள்

கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நம் கரையோர ஊர்களின் பொது நூலகங்களில் பத்திரிகை மேசையை அறியாதவர் இல்லை. ஆனால் நூலகத்தின் உயிர் இரவல் பகுதியில்தான் இருக்கிறது. அமெரிக்க நூலகர் நீனா பிரவுன் 1895இல் வகுத்த இரவல் முறையைப் பார்த்தால் இது விளங்கும். கணினிக்கு முன் பல நாட்டு நூலகங்களை நடத்திய முறை அது. நூலின் அட்டைக்குள்ளே ஒரு சிறு பை. அதில் பதிவெண்ணும் தலைப்பும் எழுதிய நூலட்டை. வாசகரிடம் பை வடிவிலேயே சில சீட்டுகள். ஒரு சீட்டுக்கு ஒரு நூல். இரவல் கொடுக்கும்போது நூலட்டையை வாசகரின் சீட்டுக்குள் செருகி, திருப்பித் தரவேண்டிய திகதி வரிசையில் தட்டில் நிறுத்துவார்கள். நூல் திரும்பியதும் அட்டை நூலுக்கு, சீட்டு வாசகருக்கு. பேரேடே தேவையில்லை. தவணை கடந்தும் தட்டில் நிற்பவையே வராத நூல்கள். இதைவிட அருமை ஒன்றுண்டு: அட்டையும் சீட்டும் பிரிந்த பிறகு, யார் எதைப் படித்தார் என்ற தடயமே மிஞ்சுவதில்லை. வாசகரின் அந்தரங்கத்தை இவ்வளவு எளிதாகக் காத்த ஏற்பாடு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

சீட்டின் எண்ணிக்கையே நட்டத்துக்கு எல்லை போட்டுவிடுகிறது. அப்படியிருக்க, அங்கத்துவத்துக்குப் பிணையாளர் கையொப்பமும் கேட்பது ஏன்? கடற்றொழிலாளியின் பிள்ளை அந்தக் கையொப்பத்துக்கு யாரிடம் போகும்? நூல்கள் தொலையுமே என்பார்கள். சில தொலையும்தான். ஆனால் உப்புக்காற்றும் கறையானும் அலுமாரிக்குள் இருக்கும் நூலையும் விடுவதில்லை. வாடியில் மடித்து வைத்த கரைவலையில் மீன் படுவதுமில்லை. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதைச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலகவியலின் முதல் விதியாக வைத்தார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் போயின.

கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் ஈழத்து நூல்களுக்குச் செய்திருப்பது பெரும் பணி. ஆயினும் பதிப்புரிமை உள்ள புதிய நூல்கள் எல்லாவற்றையும் எந்தத் தளமும் இலவசமாகத் தர முடியாது. விலை கொடுத்து வாங்க முடியாதவருக்கு இரவல் ஒன்றே வழி. நூலகங்களை நடத்தும் உள்ளூராட்சிச் சபைகள் பிணை விதியைத் தளர்த்த வேண்டும். நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. திகதி கடந்த நூலகப் புத்தகம் வீட்டில் கிடந்தால், தண்டப்பணத்துக்குத் தயங்காமல் இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள்.