விடுதி பார்க்க நாமும் கூடப் போகணும்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, அலையாய் அலைந்து பெண்ணுக்குக் காலேஜில் சீட்டும் வாங்கிவிட்டால், பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். வெளியூர்க் காலேஜ் என்றால் அதற்கப்புறம்தான் பெரிய கேள்வியே வருகிறது. "பொண்ணு எங்கே தங்கும்?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல், நல்ல மார்க் இருந்தும் படிப்பை விட்ட பெண்களை எங்கள் ஊரில் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விருத்தாசலம். பீங்கான் சாமான்களுக்குப் பேர் போன ஊர். செராமிக் டிப்ளமோ படிக்க வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோ சிதம்பரம், கடலூர், திருச்சி, சென்னை என்று வெளியே போகிறார்கள். என் நாத்தனார் மகளுக்கு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வீட்டில் சந்தோஷத்தைவிட சண்டைதான் அதிகம்! "தினமும் பஸ்ல போய் வரட்டும். இல்லேன்னா உள்ளூர் காலேஜ்லயே சேரட்டும்" என்று நாத்தனார் வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம். கடைசியில் நாத்தனாரும் நானும் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, எங்கெங்கே தங்கலாம் என்று நேரிலேயே பார்த்துவிட்டு வந்தோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிள்ளைகளை அனுப்பப் போகிற சகோதரிகளுக்குப் பயன்படும்.

முதலில் பஸ் விஷயம். சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக சிதம்பரம் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஸ்டாண்டில் காத்திருப்பது தனி. காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, இருட்டின பிறகு வந்து சேரும் பெண் எப்போது புத்தகத்தைத் தொடுவாள்? அரசு பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். 2021 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம் சாதாரண டவுன் பஸ்சுக்குத்தான். ஊர் விட்டு ஊர் போகிற பஸ்சுக்கு இல்லை. அரை மணி, முக்கால் மணி தூரம் என்றால் பஸ் சரி. அதற்கு மேல் போனால் நாலு மாதத்தில் பிள்ளை துரும்பாகிவிடும்.

அடுத்தது, சொந்தக்காரர் வீடு. "அங்கேதான் சித்தி வீடு இருக்கே, அப்புறம் எதுக்கு ஹாஸ்டல்?" என்பார்கள். நல்ல மனசுள்ள உறவுகள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வீட்டில் தங்கிப் படிக்கும் பெண் சும்மா உட்கார்ந்து படிக்க முடியுமா? பாத்திரம் தேய்க்கணும், குழந்தைக்குப் பாடம் சொல்லித் தரணும், விருந்தாளி வந்தால் காபி போடணும். பரீட்சை நேரத்தில் "கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்துடறா" என்று பேச்சு வரும். அதே வீட்டில் பையன் தங்கினால் அவன் தட்டைக்கூடக் கழுவச் சொல்ல மாட்டார்கள். உறவு வீட்டில்தான் விடுவது என்று முடிவானால் மாதச் செலவுக்கு ஒரு தொகை கொடுப்பது, படிக்கிற நேரம் எது, வீட்டு வேலை எதுவரை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கூச்சப்பட்டால் பின்னால் உறவும் போகும், படிப்பும் போகும்.

மூன்றாவது, காலேஜின் சொந்த விடுதி. இடம் கிடைத்தால் நான் இதற்குத்தான் முதல் ஓட்டுப் போடுவேன். வகுப்பு பக்கத்தில், லைப்ரரி பக்கத்தில், கேட்பதற்கு ஒரு நிர்வாகம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியபோதே பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிற மாதிரி அமைத்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆரம்பித்தது. 2013-ல் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. எந்தக் காலேஜ் ஆனாலும் சரி, அட்மிஷன் பாரத்தோடு விடுதி பாரத்தையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் இடம் நிரம்பிவிடும்.

நாலாவது, அரசாங்க இலவச விடுதி. இது இருப்பதே நிறைய பேருக்குத் தெரியவில்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறைகள் காலேஜ் படிக்கும் பிள்ளைகளுக்கென்று விடுதிகள் நடத்துகின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிப்பவர்களும் சேரலாம். பெற்றோர் வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில், வீட்டுக்கும் காலேஜுக்கும் எட்டு கிலோமீட்டராவது தூரம் இருக்கணும் என்ற விதி பையன்களுக்குத்தான், பெண்களுக்கு இல்லை. ஒவ்வொரு விடுதியிலும் இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்கு ஐந்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தந்த விடுதிக் காப்பாளரிடமோ, கலெக்டர் ஆபீசில் உள்ள நலத்துறை அலுவலகத்திலோ கேட்டால் விவரம் சொல்வார்கள். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் ‘சமூக நீதி விடுதிகள்’ என்று பெயர் அறிவித்தார்கள். இலவசம் என்றால் மட்டமாக இருக்கும் என்று பார்க்காமலே ஒதுக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள்.

கடைசியாகத் தனியார் விடுதி. இங்கேதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கணும்.

ஒன்று, லைசென்ஸ். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்காக 2014-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. கலெக்டரிடம் பதிவு செய்து உரிமம் வாங்காமல் விடுதி நடத்தக் கூடாது. "லைசென்ஸ் இருக்கா, காட்டுங்க" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நாங்கள் பார்த்த ஒரு விடுதியில் "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கும்மா" என்று மழுப்பினார்கள். அடுத்த நிமிஷம் வெளியே வந்துவிட்டோம்.

இரண்டு, தீ. 2024 செப்டம்பர் 12-ந் தேதி விடியற்காலையில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். ஃப்ரிட்ஜ் வெடித்தது என்று பேப்பரில் படித்தோம். அதனால் மாடிப்படி எத்தனை, ராத்திரி எந்தக் கதவைப் பூட்டுவார்கள், சாவி யாரிடம் இருக்கும், ஜன்னல் கம்பி போட்டு அடைத்திருக்கிறதா, வயர் தொங்குகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு குறுகல் படி, அதிலும் செருப்பும் பெட்டியும் அடுக்கியிருந்தால் வேண்டவே வேண்டாம்.

மூன்று, மானம். 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு விடுதியில் ரகசியக் கேமரா வைத்ததாக அதை நடத்தியவரே கைதானார். அங்கே தங்கியிருந்த பெண்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். குளியல் அறையிலும் படுக்கை அறையிலும் தேவையில்லாத இடத்தில் பிளக் பாயிண்ட், பல்பு ஹோல்டர், ஓட்டை இருந்தால் உஷாராகணும். வார்டன் பெண்தானா, ராத்திரி அங்கேயே தங்குகிறாரா என்றும் கேளுங்கள்.

நான்கு, சாப்பாடும் தண்ணியும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கணக்கில் பாதிக்கப்பட்டு, கடைசியில் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். நாம் சமையல்கட்டில் புழங்குகிறவர்கள். நம்மை ஏமாற்ற முடியாது! "ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்று கேட்டுச் சமையல்கட்டு வரை போங்கள். தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா, அரிசி, பருப்பு எப்படி வைத்திருக்கிறார்கள், பாத்திரம் கழுவும் இடம் எப்படி என்று ஒரு பார்வை போதும்.

ஐந்து, பணம். அட்வான்ஸ் எவ்வளவு, விட்டுப் போகும்போது எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், லீவு மாதத்துக்கும் வாடகை உண்டா, கரண்டுக்குத் தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். ரசீதை பத்திரப்படுத்துங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் அட்வான்ஸ், "வாய்ப்பேச்சுதானே" என்று கைவிட்டுப் போனது. ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். மாதம் ஆளுக்கு 20,000 ரூபாய்க்குள் கட்டணம், தொடர்ந்து 90 நாளாவது தங்குவது என்றால் அந்த வரி கிடையாது என்று 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்திருக்கிறது.

ஒரு முக்கியமான யோசனை. பகல் பதினோரு மணிக்குப் போய் விடுதி பார்க்காதீர்கள். அப்போது எல்லாப் பெண்களும் வகுப்புக்குப் போயிருப்பார்கள், விடுதி கூட்டித் துடைத்து அழகாக இருக்கும். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குப் போங்கள். விடுதிக்கு வரும் தெருவில் விளக்கு எரிகிறதா, மூலையில் யார் நிற்கிறார்கள், தண்ணீர் வருகிறதா எல்லாம் தெரிந்துவிடும். அங்கே இருக்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். "போன மாசம் யாருக்காவது காய்ச்சல் வந்தா என்ன பண்ணாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில் விடுதியின் லட்சணம் முழுக்க வந்துவிடும். உங்கள் பெண்ணையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். நாங்கள் பார்த்த இன்னொரு விடுதியில் அறை, கட்டில், மின்விசிறி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நாத்தனார் மகள்தான் பாத்ரூம் போய்விட்டு வந்து, "அத்தை, உள்தாழ்ப்பாள் விழவே மாட்டேங்குது" என்று என் காதில் சொன்னாள். அங்கே தங்கப் போகிறவளுக்குத்தான் அது கண்ணில் படுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1996 நவம்பரில் அதே சிதம்பரத்தில், மருத்துவக் கல்லூரி விடுதியில், முதல் வருடம் படித்த நாவரசுவை சீனியர் மாணவன் ஒருவன் கொன்றான். எங்கள் பக்கத்து அம்மாக்கள் யாரும் அதை மறக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் தெரிந்துகொள்ளணும். 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம், காலேஜிலிருந்தும் நீக்கம். 2009-ல் யு.ஜி.சி. நாடு முழுக்க விதி போட்டு, முதல் வருடப் பிள்ளைகளைக் கூடியவரை தனி பிளாக்கில் தங்க வைக்கச் சொன்னது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தரணும். எந்நேரமும் புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது. பெண்களுக்கு 181 இருக்கிறது. இரண்டையும் பிள்ளையின் போனிலும் நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதி வைத்துவிடுங்கள்.

நூறு வருடத்துக்கு முன்னால் சகோதரி சுப்புலட்சுமி, சின்ன வயதிலேயே விதவையான பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்துப் படிக்க வைத்தார். முதலில் அவர் வீட்டிலேயே நாலைந்து பெண்கள். அப்புறம் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடம், இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அங்கே. தங்க இடம் கிடைத்ததால்தான் அந்தப் பெண்கள் டீச்சர்களாக வெளியே வந்தார்கள். இடம் இல்லாவிட்டால் படிப்பு இல்லை என்பது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை.

பெரும்பாலான வீடுகளில் விடுதி பார்க்க ஆண்கள்தான் போகிறார்கள். வாடகை, தூரம் இரண்டையும் விசாரித்துவிட்டுப் பணத்தைக் கட்டி வந்துவிடுவார்கள். தாழ்ப்பாளும், நாப்கின் போடும் கூடையும், துணி காயவைக்கும் இடமும் அவர்கள் கண்ணில் படாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் நாமும் போகணும் என்கிறேன். நாத்தனார் மகள் இப்போது பல்கலைக்கழக விடுதியில்தான் இருக்கிறாள். பிடிவாதம் பிடித்த அவள் அப்பாதான் இப்போது மாதம் ஒருமுறை முறுக்கு டப்பாவோடு முதல் ஆளாகக் கிளம்புகிறார்!

பெட்டியைக் கட்டி அனுப்பும் அன்று ஒரு வார்த்தை மட்டும் பிள்ளையிடம் சொல்லுங்கள். "இடம் சரியில்லேன்னா உடனே சொல்லு, இடத்தை மாத்திடலாம். படிப்பை நிறுத்த மாட்டோம்." குறை சொன்னால் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பெண்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். அந்தப் பயம் இல்லாவிட்டால் எதுவானாலும் முதலில் நம்மிடம்தான் வந்து சொல்வார்கள்.

– ஒரு வாசகி, விருத்தாசலம்.