விஷப்பூண்டை முளையிலேயே கிள்ளுவோம்



அரிப்பு என்று மருந்தகத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மருந்தடிச்சீங்களா, புல் அறுத்தீங்களா?" என்றுதான். இரண்டும் தோலைப் புண்ணாக்கும். புல்லோடு புல்லாக வரும் ஒரு பொல்லாத செடியைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

அதன் பெயர் பார்த்தீனியம். மலாயில் 'ரும்பாய் மியாங் மெக்சிகோ'. 'மியாங்' என்றால் அரிப்பு. பெயரிலேயே குணம் தெரிகிறது. 1950-களில் இந்தியாவில் புனேயில் கண்டார்கள். இன்று தமிழ்நாட்டு ரோட்டோரங்களில் அதுதான். நம் நாட்டில் இதை 2013-ல் கண்டுபிடித்தது வேறெங்கும் இல்லை, பக்கத்து உலு சிலாங்கூரில், பத்தாங் காலியில். கோலசிலாங்கூருக்கு அது தூரமா என்ன?

அடையாளம்: இலை சாமந்தி இலைபோல் வெட்டுவெட்டாக இருக்கும். உலாம் ராஜா என்று ஏமாறுகிறவர்களும் உண்டு. இடுப்பளவு வளரும். பூ வெள்ளை, மிளகளவில் கொத்துக்கொத்தாகப் பூக்கும்.

தொட்டு வேலை செய்தால் சிலருக்குக் கை, கழுத்து, முகம் சிவந்து தடிக்கும். பூந்தூள் மூக்கில் ஏறினால் தும்மல் வரும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும். மாடு தின்றால் பால் கசக்கும். கசந்த பாலை யார் வாங்குவார்?

ஒரு செடியே 15,000 விதைக்கு மேல் கொட்டும். முளைத்து ஒரு மாதத்தில் பூத்துவிடும். விதை லாரிச் சக்கரத்துச் சேற்றிலும், சப்பாத்திலும், ஆடுமாட்டுக் குளம்பிலும், வெளியிலிருந்து வரும் புல்கட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. சந்தேகச் செடியைக் கண்டால் மண்டோரிடமும் விவசாய இலாகாவிலும் சொல்லுங்கள்.

2. பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். மழைக்குப் பின் சுலபமாக வரும். கையுறை, நீளக்கைச் சட்டை, முகமூடி அவசியம். இழுப்புக்காரர்கள் கிட்டே போக வேண்டாம்.

3. பூத்ததை மெஷினால் வெட்டாதீர்கள். தூள் பறக்கும், விதை சிதறும். பிடுங்கியதைச் சாக்கில் கட்டுங்கள். கால்வாயில் போடாதீர்கள்.

4. வேலை முடிந்ததும் சப்பாத்துச் சேற்றை அங்கேயே கழுவுங்கள். சோப்புப் போட்டுக் குளித்து, உடுப்பை மாற்றுங்கள்.

5. புதிதாக வாங்கிய ஆடுமாட்டைச் சில நாள் தனியே கட்டி, அந்த இடத்தில் முளைப்பதைக் கவனியுங்கள்.

அரிப்பு ஆறாவிட்டால் மருந்தகம் வாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

களை வேலைக்குக் கையுறை கேட்பது பிச்சையல்ல. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. பிடித்தால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

இன்று ஒரு செடி. விட்டால் நாளை ஒரு காடு. லயத்தைச் சுற்றி இன்றே ஒரு நடை போய்ப் பாருங்கள்.