ஒரு தட்டுத் தண்ணீர், ஒரு துண்டு கற்பூரம்

வாயகன்ற எவர்சில்வர் தட்டு ஒன்றை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவிப் பாதியளவு தண்ணீர் ஊற்றி வையுங்கள். தண்ணீர் அசைவடங்கியதும் மிளகுத்தூளைப் பரவலாகத் தூவுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் விரல் நுனியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் துளி தடவி, தட்டின் நடுவில் தொடச் சொல்லுங்கள். தொட்ட நொடியில் தூள் விளிம்பை நோக்கிச் சிதறி ஓடும். குழந்தை கைகொட்டிச் சிரிக்கும், "இன்னொரு தடவை" என்று கேட்கும். ஆனால் அதே தண்ணீரில் மறுபடி தொட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. தட்டைக் கழுவி, தண்ணீரை மாற்றினால்தான் ஆட்டம் மீண்டும் சூடுபிடிக்கும்.

ஏன் அப்படி? விடை நீர்ப்பரப்பில் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் ஒரு மூலக்கூறை அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் சமமாக இழுக்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கோ மேலே இழுக்கத் துணை கிடையாது. பக்கவாட்டிலும் உள்நோக்கியும்தான் அது இழுபடுகிறது. அதனால் நீர்ப்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. பள்ளிப் பாடத்தில் 'பரப்பு இழுவிசை' என்று படித்தது இதைத்தான். 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் தூய நீருக்கு இது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்புக் கரைசலில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தாரின் பிடி தளர்ந்தால் கயிறு எதிர்ப்பக்கம் பாயுமே, அதுதான் தட்டிலும் நடக்கிறது. சோப்புப் பட்ட நடுப்பகுதி தளர்கிறது. விளிம்புப் பக்கத்து நீர் தன் பலத்தோடு இழுத்துக்கொள்கிறது. மிதந்த மிளகுத்தூள் கூடவே போகிறது. சோப்பு பரப்பு முழுக்கப் பரவிய பிறகு இழுவிசை எங்கும் ஒன்றுதான். இரண்டாம் முறை ஆட்டம் பலிக்காத காரணம் அதுவே.

அடுத்த ஆட்டத்துக்குப் பூஜை அலமாரியில் இருக்கும் கலப்படமில்லாத கற்பூரம் போதும். தட்டை நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றி, கடுகளவு கற்பூரத் துணுக்குகள் நான்கைந்தை இடுக்கியால் எடுத்துப் போடுங்கள். விழுந்ததுமே அவை சுழலும், திசை மாறி ஓடும், ஒன்றையொன்று விலக்கும், விளிம்பில் முட்டித் திரும்பும். யாரும் தொடவில்லை, ஊதவில்லை, ஆனாலும் பல நிமிடங்களுக்கு இந்த ஓட்டம் நிற்காது. பழைய கல்யாணப் பத்திரிகையின் வழவழப்பான அட்டையில் கட்டைவிரல் நீளத்துக்குப் படகு வெட்டி, அதன் பின்பக்கப் பிளவில் கற்பூரத்தைச் செருகிவிட்டால் படகு தானாகவே முன்னேறும். கற்பூரம் கரைந்து பரவும் பக்கத்தில் இழுவிசை குறைகிறது, முன்பக்கத்து நீர் படகை இழுத்துச் செல்கிறது. இழுவிசை வேறுபாட்டால் திரவம் இப்படி நகர்வதற்கு 'மாரங்கோனி விளைவு' என்று பெயர். இத்தாலியின் பவியா நகரில் 1865-இல் இதைப் பற்றி ஆய்வேடு எழுதிய கார்லோ மாரங்கோனியின் பெயரால் வழங்குவது அது. கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கான் தகடுகளைத் துளி ஈரமும் கறையும் இல்லாமல் உலர்த்துவதற்கு இன்றைய தொழிற்சாலைகள் இதே விளைவைப் பயன்படுத்துகின்றன.

கற்பூரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தலைக்கு எண்ணெய் தேய்த்த விரலால் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். ஓட்டம் சட்டென்று நின்றுவிடும். இந்தச் சின்ன விளையாட்டைத்தான் 1890-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு அளவுகோலாக மாற்றினார். 84 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கற்பூரத் துணுக்குகளை மிதக்கவிட்டு, அவற்றின் ஓட்டத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் வேண்டும் என்று எடை போட்டார். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான எண்ணெய் போதுமானதாக இருந்தது. எண்ணெயின் கன அளவைத் தொட்டியின் பரப்பால் வகுத்தால் நீர்மேல் பரவிய எண்ணெய் ஏட்டின் தடிமன் கிடைக்கும். வந்த விடை 1.6 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு. மூலக்கூறுகள் உண்மையில் உண்டா என்றே அறிஞர்கள் சிலர் ஐயப்பட்ட காலம் அது. அப்போது அவற்றின் அளவை நெருங்கிப் பார்க்கக் கற்பூரமும் எண்ணெயும் உதவின.

அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. லண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். காற்றில் சிலிர்த்துக்கொண்டிருந்த நீர் ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்புக்குக் கண்ணாடியாய் அடங்கியதை 1774-இல் வெளியான கட்டுரையில் பதிந்தார். தேக்கரண்டியை 5 மில்லி என்று கொண்டால் ஏட்டின் தடிமன் இரண்டரை நானோமீட்டர் என்று வரும். அந்தக் கணக்கை மட்டும் அவர் போட்டுப் பார்க்கவில்லை.

இந்தக் கதையில் எல்லோரையும்விட நம் வீட்டுக்கு நெருக்கமானவர் ஆக்னஸ் பாக்கெல்ஸ். 1862-இல் பிறந்தவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வளர்ந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் என்பதால் பள்ளியோடு படிப்பு நின்றது. நோயுற்ற பெற்றோரைக் கவனிப்பதும் வீட்டு வேலையுமே அவருக்கு வாய்த்த வாழ்க்கை. பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் நீர்ப்பரப்பை எப்படி மாற்றுகின்றன என்று உற்றுப் பார்த்தவர், 1880-களின் தொடக்கத்தில் தாமே ஒரு கருவி செய்தார். தகரத் தொட்டி நிறையத் தண்ணீர், பரப்பின் குறுக்கே நகர்த்தத் தகரப் பட்டை, நீரிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று காட்டச் சிறு தராசு, அவ்வளவுதான். இயற்பியல் படித்த தம்பி பிரீட்ரிக் நூல்கள் தந்து உதவினார்.

ராலேயும் இதே துறையில் உழைப்பதை அறிந்து 1891 ஜனவரியில் ஆக்னஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மன் மொழியில் இருந்த கடிதத்தை ராலேயின் மனைவி மொழிபெயர்க்க, ராலே அதை 'நேச்சர்' இதழுக்கே அனுப்பினார். அந்த ஆண்டு மார்ச்சில் அது வெளிவந்தது. ஆக்னஸ் அமைத்த தொட்டியின் வழியில் பிற்காலத்தில் கருவி செய்து ஆராய்ந்த இர்விங் லாங்மியூருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 70 வயது ஆக்னஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

பரப்பு இழுவிசையின் பயன் தட்டோடும் தொட்டியோடும் நிற்பதில்லை. நம் நுரையீரலின் நுண்ணறைகளுக்குள் ஈரப்படலம் உண்டு. அதன் இழுவிசையைக் குறைக்கும் பொருளை உடல் தானே சுரக்கிறது. சில குறைமாதக் குழந்தைகளுக்கு அது போதுமான அளவில் சுரப்பதில்லை என்பதால்தான் அவை மூச்சுக்குத் திணறுகின்றன என்று 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். இன்று பச்சிளங்குழந்தைகள் பிரிவில் அந்தப் பொருளையே மருந்தாகக் குழாய் வழியே நுரையீரலுக்குள் செலுத்துகிறார்கள்.

வீட்டில் இன்னும் என்ன செய்யலாம்? சொட்டு மருந்தோடு வரும் ஃபில்லரால் ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் எத்தனை சொட்டுத் தண்ணீர் நிற்கும் என்று ஆளுக்கொரு எண் சொல்லிவிட்டுச் சொட்டிப் பார்க்கலாம். நீர் குமிழ் போல் உயர்ந்து நிற்பதைக் கண்டு பெரியவர்களே அசந்துபோவார்கள். சோப்புத் தண்ணீரால் அதையே செய்தால் எண்ணிக்கை குறையும். பப்பாளி இலைக் காம்பு கிடைத்தால் சோப்புக் குமிழி ஊதலாம். கொஞ்சம் கிளிசரின் கலந்தால் நீர் ஆவியாவது தாமதப்பட்டுக் குமிழி நெடுநேரம் உடையாமல் இருக்கும். குமிழியின் நிறங்கள் அதன் ஏட்டின் தடிமனுக்கேற்ப மாறுவதையும், மிக மெலிந்த இடம் கறுத்துத் தெரிவதையும் விளக்கு வெளிச்சத்தில் காட்டலாம். லண்டனில் சி.வி. பாய்ஸ் என்ற இயற்பியலாளர் 1889-90 குளிர்கால விடுமுறையில் சோப்புக் குமிழிகளைப் பற்றியே சிறுவர்களுக்குத் தொடர் உரையாற்றினார். அதுவே நூலாகி இன்றுவரை அச்சில் இருக்கிறது.

ஒரே எச்சரிக்கை: கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கற்பூரம் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கைகளைக் கழுவிவிட்டு அதை எட்டாத உயரத்தில் வையுங்கள். பயன்படுத்திய தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

விலை கொடுத்து வாங்கும் அறிவியல் பெட்டிகளில் விடை அட்டையும் சேர்ந்தே வருகிறது. தட்டுத் தண்ணீரில் அது கிடையாது, அதுவே இதன் சிறப்பு. சோப்புக்குப் பதில் எலுமிச்சைச் சாறு தொட்டால்? குளிர்ந்த நீருக்குப் பதில் வெந்நீர் என்றால்? மிளகுக்குப் பதில் மஞ்சள்தூள்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ன நடக்கும் என்று முதலில் குழந்தையைச் சொல்லவிட்டு, பிறகு செய்து பாருங்கள். காரணத்தை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். குழந்தை தானாகக் கேட்கும்வரை பொறுங்கள்.