பாலியல் குற்ற வழக்குகளில் எதிரியின் உரிமையும் முதல் வாக்குமூலமும்

பாரதூரமான பாலியல் குற்றமொன்று பற்றிய செய்தி வெளியாகும் ஒவ்வொரு தடவையும், சந்தேகநபருக்காக எந்தவொரு சட்டத்தரணியும் ஆஜராகக் கூடாது என்ற குரல் எழுவது வழமையாகிவிட்டது. அக்குரலின் பின்னாலுள்ள கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோரிக்கை நியாயமானதல்ல. பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை போன்ற பகுதிகளின் தோட்டங்களை மனதிற்கொண்டு நோக்கும்போது, எதிரியின் சட்டப் பாதுகாப்பு பலவீனமடையும் இடத்திலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் வழக்கும் பலவீனமடைகின்றது என்பதை நாம் காணலாம். இது முரண்பாடாகத் தோன்றலாம். எனவே சற்று விரிவாக விளக்க வேண்டியுள்ளது.

கூட்டாட்சி நாடுகளில் மத்திய சட்டத்தின் கீழ் ஒரு வழக்கும் மாநிலச் சட்டத்தின் கீழ் வேறொரு வழக்கும் தொடரப்படலாம். எமது நாட்டில் அவ்வாறான பிரிவு கிடையாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையே நாடு முழுவதற்கும் பொதுவானது. பாலியல் வல்லுறவு தொடர்பில் சட்டமா அதிபர் குற்றப்பகிர்வுப் பத்திரம் தாக்கல் செய்ய, மேல் நீதிமன்றம் விசாரிக்கின்றது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் இச்சட்டத்தை அடியோடு மாற்றியமைத்தது. சம்மதம் தெரிவிப்பதற்கான வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. வல்லுறவுக்கு ஏழு முதல் இருபது ஆண்டுகள் வரையிலும், பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரையிலும் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. உடலில் காயங்கள் இருந்தாக வேண்டும் என்ற பழைய எண்ணத்துக்கும் இடமில்லாது போயிற்று; எதிர்ப்புக் காட்டியதற்கான தடயங்கள் அவசியமல்ல எனச் சட்டமே கூறுகின்றது.

இத்தகைய கடும் தண்டனையை எதிர்நோக்கும் ஒருவருக்கு இருக்கும் உரிமைகள் எவை? குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதியாகவே கொள்ளப்படுவார் என அரசியலமைப்பின் 13(5) உறுப்புரையும், தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நியாயமான விசாரணையொன்றில் தமது தரப்பை எடுத்துரைக்க அவர் உரித்துடையவர் என 13(3) உறுப்புரையும் கூறுகின்றன. வசதியற்றவருக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவியும், மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரின் உதவியும் வழங்கப்பட வேண்டுமென 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டம் ஏற்பாடு செய்துள்ளது. எழுத்தில் எல்லாம் உண்டு.

இனி நடைமுறைக்கு வருவோம். ஊவா மாகாணத்தின் நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் சிங்களத்திலேயே நடைபெறுகின்றன. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின் பொது விதி. அதே உறுப்புரைதான், அந்த மொழி தெரியாத தரப்பினருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பு வழங்கப்பட வேண்டுமென்றும் கூறுகின்றது. பதுளை மேல் நீதிமன்றத்தின் எதிரிக்கூண்டில் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கு இது சலுகையல்ல, உரிமை. ஆனால் வழக்கின் தலைவிதி பெரும்பாலும் மேல் நீதிமன்றத்தில் அல்ல, மாதங்களுக்கோ வருடங்களுக்கோ முன்னர் பொலிஸ் நிலையத்தின் மேசையொன்றில் எழுதப்பட்ட முதல் வாக்குமூலத்திலேயே தங்கியிருக்கின்றது.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி, விசாரணையின்போது ஒருவர் கூறுவதை அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். கூறியவருக்கு எழுதப்பட்ட மொழி விளங்காவிடின், விளங்கும் மொழியில் அதனைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவோ மேலதிகமாகச் சேர்க்கவோ அவருக்கு இடமளிக்க வேண்டும். அரச அலுவலர் எவருடனும் தமிழில் கருமமாற்றும் உரிமையை 22ஆம் உறுப்புரையும் தருகின்றது. பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டில் இருமொழிப் பிரிவுகளாகவும் பிரகடனம் செய்யப்பட்டன. இத்தனைக்குப் பின்னரும், தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, விளங்காத தாளொன்றின் கீழ் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பெறப்படும் நிலையை மலையகத்தில் அறியாதோர் இல்லை.

இதன் விளைவு இரு தரப்பையும் தாக்குகின்றது. பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி தாயுடன் சென்று முறைப்பாடு செய்கிறாள் என வைத்துக்கொள்வோம். "லயத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போனான்" என்கிறாள். எழுதுபவர் அதனை "லயத்துக்குப் பின்னால் சென்றேன்" எனச் சுருக்கிவிடுகின்றார். இரண்டு வருடங்களின் பின் சாட்சிக்கூண்டில் அவள் உண்மையை அப்படியே மீண்டும் சொல்லும்போது, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பொலிஸ் வாக்குமூலத்தைக் காட்டி, முன்னுக்குப் பின் முரண் என்கிறார். அவர் தமது கடமையையே செய்கின்றார். முரண்பாட்டை உண்டாக்கியது சிறுமியல்ல, பேனா பிடித்த கை.

சந்தேகநபரின் நிலையும் இதுவே. கொழுந்து நிறுக்கும் வேளையில் தாம் வேறொரு மலையில் நின்றதாக அவர் சொல்லியிருப்பார். அது எழுதப்பட்டிராவிடின், வழக்கில் அதனை முதன்முறையாகச் சொல்லும்போது பின்னர் புனைந்த கதையாகிவிடும். அன்றைய தினம் வேலைப் பதிவேட்டைப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விடயம். இதற்காகவே முதல் நாளிலேயே சட்டத்தரணி அவசியமாகின்றார். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி தமது கட்சிக்காரருக்காக முன்னிலையாவதற்கு 2012ஆம் ஆண்டில் விதிகள் வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. ஆயினும் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும் குடும்பமொன்று, பதுளை நகருக்கு வந்து சட்டத்தரணியைத் தேடிப் பிடிக்கும்போது சந்தேகநபர் பெரும்பாலும் விளக்கமறியலில் இருப்பார்.

பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்யப்படும் குற்ற ஒப்புதல் எதிரிக்கு எதிராகச் சான்றாகாது என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. இது குற்றவாளிகளைத் தப்பவைக்கும் ஓட்டை எனக் கருதுவோர் 2015ஆம் ஆண்டின் கொட்டதெனியாவ வழக்கை நினைவுகூர வேண்டும். சின்னஞ்சிறு சிறுமியொருத்தி கொல்லப்பட்ட அந்தச் சம்பவத்தில் முதலில் 17 வயதுப் பாடசாலை மாணவன் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். மரபணுப் பரிசோதனை பொருந்தவில்லை. பின்னர் கைதான இன்னொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸார் அறிவித்தனர்; மரபணு அவரையும் காட்டவில்லை. வேறொருவரே குற்றவாளியெனக் காணப்பட்டு, 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றத்தினால் மரண தண்டனை விதிக்கப்பட்டார். ஒப்புதலோடு விசாரணை நின்றிருந்தால் உண்மையான குற்றவாளி வெளியில் நடமாடியிருப்பார். அதே ஆண்டு நிகழ்ந்த புங்குடுதீவு மாணவி படுகொலை வழக்கில், எதிரிகளுக்காக எவரும் ஆஜராகக் கூடாதென்ற குரல் பலமாக எழுந்தது. 2017 செப்டெம்பரில் தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. எஞ்சிய இருவரை விடுதலை செய்தது. அந்த இருவரையும் ஏனையோரிடமிருந்து பிரித்துக் காட்டியது விசாரணைதான், கூட்டத்தின் கோபமல்ல.

தோட்டங்களில் அடிக்கடி காணப்படும் மற்றொரு வகை வழக்கையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வயது இளைஞனும் பதினைந்து வயதுச் சிறுமியும் விரும்பி ஊரைவிட்டுப் போகின்றனர். சட்டத்தின் பார்வையில் அது வல்லுறவே. அவளது சம்மதம் எதிர்வாதமாகாது. சம்மதத்தைக் கருத்திற்கொண்டு தண்டனையைக் குறைக்க 1995ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிப்பது எதிரியும் 18 வயதுக்குக் குறைந்தவராயின் மட்டுமே. எனினும் அநுராதபுரம் மேல் நீதிமன்றம் அனுப்பிய வினாவுக்குப் பதிலளித்த உயர் நீதிமன்றம், பத்து ஆண்டுகள் என்ற கட்டாயக் குறைந்தபட்சம் அரசியலமைப்பின் 4(இ), 11, 12(1) உறுப்புரைகளுக்கு முரணானது எனவும், பொருத்தமான தண்டனையைத் தீர்மானிக்க நீதிபதிக்குத் தடையில்லை எனவும் 2008 ஒக்டோபரில் தீர்மானித்தது. இந்தத் தீர்மானத்தை மன்றின் கவனத்துக்குக் கொண்டுவரச் சட்டத்தரணியொருவர் இல்லாவிடின், அதன் பயனை எதிரி இழக்க நேரிடலாம். இங்கு வயதே வழக்கின் அச்சாணி என்பதால், பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை இடாப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் முதல் வேலையாகின்றது.

இத்தகைய சம்பவங்களில் தோட்டத் தலைவரோ, கோயில் பரிபாலன சபையோ, பள்ளிவாசல் நிர்வாகமோ கூடிப் பேசி இருவருக்கும் மணமுடித்து வைத்தால் பிரச்சினை முடிந்தது என எண்ணுவது பெருந்தவறு. குற்றம் நிகழ்ந்த நாளின் வயதே கணக்கில் எடுக்கப்படும். பின்னர் நிகழும் திருமணம் அதனை அழிக்காது. பொது விவாகச் சட்டத்தின் கீழ் 1995 முதல் திருமண வயது 18. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அத்தகைய வயதெல்லையின்றி இயற்றப்பட்டது; 12 வயதுக்கு மேற்பட்ட மனைவியைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு விதிவிலக்காக்கியது. முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டிவரும் இந்த இடைவெளியை, குற்றத்தை மறைக்கும் திரையாக எவரும் பயன்படுத்த இடமளிக்கலாகாது. சமரசக் கூட்டத்தில் சிறுமியின் விருப்பத்தை எவரும் கேட்பதுமில்லை. இளைஞனின் சட்ட உரிமையை எவரும் விளக்குவதுமில்லை.

பிணை பற்றியும் ஒரு சொல். தீர்ப்பு வழங்கப்படாத ஒருவரை 12 மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கலாகாது என்பது 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தின் பொது விதி. சட்டமா அதிபரின் விண்ணப்பத்தின் பேரில் மேல் நீதிமன்றம் இதனை நீடிக்கலாம். அந்நீடிப்பும் மொத்தமாக 12 மாதங்களைத் தாண்டலாகாது. பாதிக்கப்பட்டவரை அச்சுறுத்தக்கூடும் என்பது பிணை மறுக்கத் தக்க காரணம். ஒரே லயன் வரிசையில் இரு குடும்பங்களும் வாழுமிடத்து அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. பாதிக்கப்பட்டவரை இனங்காட்டும் விபரங்களை வெளியிடுவதையும் 365இ பிரிவு குற்றமாக்கியுள்ளது. தோட்டத்தின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் அச்சிடும் பத்திரிகைகள் — எம்மையும் சேர்த்தே சொல்கிறோம் — இதனை மறந்துவிடுவதுண்டு.

வறியவருக்குச் சட்டத்தரணி என்பது உலகெங்கும் போராடிப் பெறப்பட்ட உரிமை. அமெரிக்காவில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவே, குற்றவியல் வழக்குகளில் வசதியற்றோருக்கு மாநிலங்கள் சட்டத்தரணியை வழங்கியாக வேண்டுமென்ற 1963ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு வழிகோலியது. சட்டத்தரணியுடன் நடந்த மறு விசாரணையில் அவர் விடுதலையானார். எமது மேல் நீதிமன்றங்களிலும் சட்டத்தரணியை அமர்த்த இயலாத எதிரிக்கு மன்றே ஒருவரை நியமிக்கும் வழமை உண்டு. 1978ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவையும் நாடலாம். எனினும் மேல் நீதிமன்றத்தில் நியமிக்கப்படுபவரின் கைக்கு வழக்குக் கோவை வரும்போது, அந்த முதல் வாக்குமூலம் எழுதி முடிக்கப்பட்டு நீண்ட காலமாகியிருக்கும்.

ஆகவே பொலிஸ் நிலையத்துக்குச் செல்லும் எவரும், முறைப்பாட்டாளராயினும் சந்தேகநபராயினும், தாம் சொன்னதைத் தமிழில் வாசித்துக் காட்டுமாறு கேட்க வேண்டும்; தவறிருப்பின் திருத்துமாறு வலியுறுத்த வேண்டும்; விளங்காத தாளில் ஒப்பமிடலாகாது. தோட்டத் தலைவர்களும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் உடன் செல்வதாயின், சமரசம் பேசுவதற்கல்லாது இதற்காகச் செல்லட்டும். தண்டனை விதிக்கப்பட்டவரின் உறவினர்கள் மற்றுமொன்றை அறிந்திருத்தல் அவசியம்: மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடுவதற்குரிய காலம் 14 நாட்கள் மட்டுமே. சிறையிலிருப்பவர் சிறை அதிகாரிகள் மூலமாகவே அந்த மனுவைச் சமர்ப்பிக்கலாம்.